குழந்தையை யார் கையில் ஒப்படைக்கிறோம்?

பேறுகால விடுப்பு முடியும் நாள் நெருங்க நெருங்க, பல இல்லங்களில் ஒரே கேள்வி எழுகிறது: "குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?" தாத்தா பாட்டி ஊரில் இருக்கிறார்கள். பணிமாற்றத்தில் புனேவுக்கோ ஐதராபாத்துக்கோ வந்த குடும்பத்துக்கு அக்கம்பக்கத்தாரும் புதியவர்கள். எனவே காப்பகம் தேடிப் புறப்படுகிறோம்.

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கான விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும், தாய் நாளொன்றுக்கு 4 முறை அங்குச் சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்றும் விதித்தது. ஆகவே, முதலில் நம் அலுவலகத்தில் இவ்வசதி உண்டா எனக் கேட்டறிவது நன்று.

விடுப்பு முடியும்போது குழந்தைக்கு ஏறத்தாழ ஆறு மாதம். பகலில் என்ன நடந்தது என்று மாலையில் நம்மிடம் சொல்ல அதற்கு மொழி இல்லை. அதற்காகப் பேச வேண்டியவர், அதை நாள் முழுவதும் தூக்கி வைத்திருந்தவரே. ஆயினும் காப்பகத்துக்குச் சென்றதும் நாம் வண்ணச் சுவர்களையும் குளிரூட்டிய அறையையும் கண்காணிப்புக் கேமராவையுமே பார்க்கிறோம். அழும் குழந்தையைக் கேமரா காட்டும், தூக்கி அணைக்காது.

நாம் கேட்க வேண்டியவை வேறு. ஓர் ஆயா எத்தனை குழந்தைகளைக் கவனிக்கிறார்? எத்தனை ஆண்டுகளாக இங்கே பணிபுரிகிறார்? அவர் விடுப்பில் சென்றால் பொறுப்பு யாருடையது? முன்னறிவிப்பின்றி, உணவூட்டும் நண்பகல் வேளையில் ஒருமுறை சென்று பார்ப்போம். மூன்று குழந்தைகள் ஒரே நேரத்தில் பசித்து அழும்போது அங்கே எத்தனை கைகள் இருக்கின்றன என்பது, எந்த விளம்பரத் தாளும் சொல்லாத உண்மை.

கைகள் மிகுந்தால் கட்டணமும் உயரும். குறைந்த கட்டணம் பெரும்பாலும் ஆயாவின் ஊதியத்திலோ ஆட்களின் எண்ணிக்கையிலோ செய்த சிக்கனம். போதிய ஊதியம் இல்லாதவர் சில மாதங்களில் வேலையை விட்டுச் செல்வார். குழந்தை மறுபடியும் புதிய முகத்துக்குப் பழக வேண்டும். உயர்ந்த கட்டணம் ஆயாவைத்தான் சென்றடைகிறது என்பதற்கும் உறுதி இல்லை. அதையும் தயங்காமல் கேட்கலாம்.

வீட்டுக் கணக்கிலும் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். காப்பகக் கட்டணத்தைத் தாயின் சம்பளத்திலிருந்து மட்டும் கழித்து, "மிஞ்சுவது என்ன? வேலையை விட்டுவிடலாமே" என்கிறோம். குழந்தை இருவருடையது, செலவும் இருவருடைய வருமானத்திலிருந்தே கழிக்கப்பட வேண்டும். காப்பகம் தேவைப்படுவது சில ஆண்டுகளே. அதற்காகத் துறக்கும் பணியோடு ஊதிய உயர்வும் பணிமூப்பும் ஓய்வுக்கால நிதியும் சேர்ந்தே போகின்றன. அந்த இழப்பையும் எழுதினால்தான் கணக்கு முழுமை பெறும்.

வைப்புத்தொகை செலுத்துமுன் நான்கு இடங்களில் வட்டி விசாரிக்கும் நாம், குழந்தையை ஒப்படைக்குமுன் ஆயாவின் பெயரையாவது கேட்டு, அவரோடு பத்து நிமிடம் அமர்ந்து பேச வேண்டாமா?