இருபது சதவீத எத்தனால்: சுமை யார் தலையில்?



பங்க்கில் நாம் போடுவது இப்போது வெறும் பெட்ரோல் அல்ல. லிட்டருக்கு 200 மில்லி வரை எத்தனால் கலந்தது. 2030-க்கு என்று வைத்திருந்த இந்த 20 சதவீத இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025-லேயே எட்டிவிட்டோம் என்று மத்திய அரசு மார்தட்டிக் கொண்டது. நம்மை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கலக்காத பெட்ரோலையும் விற்கச் சொல்லிப் போட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தள்ளுபடி செய்துவிட்டது.

இதைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வர ஆரம்பித்ததே 2023-லிருந்துதான். நம்ம ஊரில் பால் கேனும் புல்லுக்கட்டும் சுமப்பது எது? பத்துப் பதினைந்து வருஷத்து மொபெட்டுதானே!

எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே மைலேஜ் குறையும். பழைய வண்டியில் 3 முதல் 6 சதவீதம் குறையலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. இருபது முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடினபிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு கம்மிதான் என்றும் சொன்னது. சரி ஐயா, முதுகில் மாட்டுற பவர் ஸ்பிரேயருக்கு கிலோமீட்டர் மீட்டர் எங்கே இருக்கு?

இந்தச் சின்ன என்ஜின்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஸ்பிரேயர், களை வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் மெஷின் எல்லாம் வருஷத்தில் சில நாள் ஓடும், மீதி நாள் கொட்டகையில் கிடக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. மழைக்காலத்தில் மூடி சரியில்லாத டேங்கில் தண்ணீர் சேர்ந்து அளவு மீறினால், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகி அடியில் தங்கிவிடும். நாம் கலந்த டூ-டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். என்ஜின் அடியிலிருந்து உறிஞ்சும்போது பிஸ்டனுக்கு எண்ணெய்ப் பசையே கிடைக்காது, பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரின் அலுமினியம் அரிக்கும், பழைய ரப்பர் குழாய் ஊதி வெடிக்கும். பூச்சி விழுந்த அன்றைக்கு மெஷின் கிளம்பாவிட்டால் நஷ்டம் மெஷினோடு நிற்குமா?

அமெரிக்காவில் 15 சதவீதக் கலப்பையே 2001-க்கு முந்தைய கார்களுக்கும், மோட்டார் சைக்கிள்களுக்கும், புல்வெட்டி போன்ற சிறு என்ஜின்களுக்கும் போடக் கூடாது என்று தடுத்திருக்கிறார்கள். பங்க்கில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியே விற்கிறார்கள். இங்கே 20 சதவீதம், சீட்டும் கிடையாது, வேறு வழியும் கிடையாது! இத்தனைக்கும் 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே, பழைய வண்டிகளுக்காக 10 சதவீதக் கலப்பு தொடர்ந்து கிடைக்க வேண்டும், மைலேஜ் குறைவதை வரிச் சலுகை கொடுத்து ஈடுகட்ட வேண்டும் என்றது. கலப்பு கூடியதே தவிர விலை குறையவில்லை.

கேட்டால், "எத்தனால் விவசாயிக்காகத்தானே" என்கிறார்கள். கரும்பும் மக்காச்சோளமும் நம் பயிர்தான், எத்தனாலுக்கு நாம் எதிரி அல்ல. ஆனால் கரும்பு விலை இன்னும் சர்க்கரை ரெக்கவரியை வைத்துத்தான். 2025-26 பருவத்துக்கு ரெக்கவரி 9.5-க்குக் கீழே உள்ள ஆலைகளுக்கு மத்திய அரசு வைத்த விலை டன்னுக்கு 3,290 ரூபாய் 50 காசு. எத்தனால் விற்ற பணத்தில் நமக்கென்று தனிப் பங்கு இல்லை. லாபம் ஆலைக்கு, ரிப்பேர் செலவு கரும்பு வெட்டுகிறவனுக்கா?

ஒவ்வொரு பங்க்கிலும் 10 சதவீதத்துக்கு மேற்படாத பெட்ரோல் ஒரு குழாயிலாவது கிடைக்க வேண்டும். கலப்பு அளவைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். சக்தி குறைந்த எரிபொருளுக்கு விலையும் குறைய வேண்டும். எத்தனால் வருமானத்தில் கரும்பு விவசாயிக்குப் பங்கு சட்டப்படி வேண்டும். இவைதான் நம் கோரிக்கைகள்.

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். அன்றைக்குத் தேவையான பெட்ரோல் மட்டும் வாங்குங்கள். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டு வையுங்கள். மெஷின் ரிப்பேரானால் மெக்கானிக்கிடம் என்ன பழுது என்று எழுதி பில் வாங்குங்கள். மாற்றிய குழாய், வாஷரைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று அத்தனையையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு வாருங்கள். மேஜை மேலே கொட்டிவிட்டுத்தான் மனுவைக் கொடுக்கப் போகிறோம்.