தொப்பியும் கேடயமும்

மூணாற்றில் ஆங்கிலேயத் தோட்டத் துரைமார்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட ஹை ரேஞ்ச் கிளப்பின் மதுக்கூடத்துச் சுவரில், நெடுங்காலம் மலையில் உத்தியோகம் பார்த்துவிட்டுக் கப்பலேறிப் போனவர்களுடைய தொப்பிகள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. தொப்பிக்கு உரியவர்கள் சீமையில் மண்ணோடு மண்ணாகிப் பல காலம் ஆன பிறகும், அவர்களுடைய ஞாபகம் ஓர் ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதில் பரிகசிக்க எதுவுமில்லை. தன்னைச் சேர்ந்தவர்களை மறவாதிருப்பது ஒரு சங்கத்துக்கு லட்சணந்தான்.

அதே ஊரில் 1941-ஆம் ஆண்டில், உலக யுத்தத்தின் நடுவே, கண்ணன் தேவன் மலையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே ஒரு காற்பந்துப் போட்டி தொடங்கியது. அன்று அம்மலைகளை ஆண்டுவந்த கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் பின்லே நிறுவனத்தின் பெயரால் அதற்குப் பின்லே கேடயம் என்று பெயர் வழங்கலாயிற்று. மலையில் அதைக் கேடயம் என்று யாரும் சொல்வதில்லை, ஷீல்டு என்றால்தான் தெரியும். பந்து உதைத்தவர்கள் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகளோடு மலையேறிய குடும்பங்களின் பிள்ளைகள். பெரும்பாலோர் காலணியைக் காணாத கால்களோடு ஆடியவர்கள். இந்தியாவின் பழமையான காற்பந்துப் போட்டிகளுள் ஒன்றென்று சொல்லத்தக்க இதில், எண்பது ஆண்டுகளாக ஆடிவந்தவர்களுக்கு மாட்டிவைக்க ஓர் ஆணியும் இல்லை, சுவரும் இல்லை.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் குடியிருக்கும் நான் மூணாற்றுக்குப் போவதென்றால், கொழிஞ்சாம்பாறை வழியாகக் கேரளத்தை விட்டிறங்கி, பொள்ளாச்சியையும் உடுமலைப்பேட்டையையும் தமிழ்நாட்டில் கடந்து, சின்னாற்றுச் சோதனைச்சாவடியில் மீண்டும் கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர் மார்க்கமாக ஏறவேண்டும். ஒரே மாநிலத்தின் இரண்டு மூலைகளில் வாழும் தமிழர் ஒருவரையொருவர் பார்க்க இன்னொரு மாநிலத்தைக் கடந்தாக வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின் எல்லைக்கோடு நமக்களித்த விசித்திரம். எங்கள் பாலக்காட்டுப் பக்கத்தில் காற்பந்து என்றால் செவன்ஸ்தான்: அறுவடை முடிந்த வயலிலும் சிறு மைதானத்திலும் கட்டையும் பலகையுமாகக் காலரி கட்டி, அணிக்கு எழுவராக, இராவெளிச்சத்தில் நடக்கும் ஆர்ப்பாட்டமான ஆட்டம். ஆடுகிறவன் இன்றைக்கு ஓர் அணி, நாளைக்கு ஓர் அணி. கூலி பேசி வருகிறவன். அதில் உற்சாகத்துக்குக் குறைவில்லையாயினும், அணிக்கும் ஊருக்கும் இடையே இருக்கவேண்டிய அந்தப் பரம்பரைப் பந்தத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது மூணாற்று மைதானத்தில்தான். குண்டுமலைத் தோட்டக்காரர் ஒரு கரையிலும் எதிரணித் தோட்டத்தார் மறுகரையிலுமாக நின்று, கம்பளியைத் தலைக்கு மேல் சுழற்றிக் கூச்சலிட்டபோது, சொந்தமாக ஒரு செண்டு நிலமும் இல்லாத ஜனங்களுக்குச் சொந்த ஊர் என்ற ஒன்று அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு உண்டாகிவிட்டதை உணர்ந்தேன்.

இந்தப் பந்தம் எத்தகையது, எதனால் தரிக்கிறது, எதனால் அறுகிறது என்பதை ஆராய, கடல் கடந்த ஒரு தேசத்தின் சரித்திரம் உதவுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரத்தில், கிரிக்கெட்டுக்காரர்கள் குளிர்காலத்தில் உடல் சோம்பிப் போகாதிருக்க ஓர் ஆட்டம் வேண்டுமென்று டாம் வில்ஸ் என்பவர் 1858-ஆம் ஆண்டு ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுத, அடுத்த ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி அவரும் சில நண்பர்களும் உட்கார்ந்து எழுதிய பத்தே விதிகளிலிருந்து பிறந்ததுதான் அந்நாட்டுக்கே பிரத்யேகமான காற்பந்து. பந்து முட்டை வடிவம், மைதானமும் நீள்வட்டம், அணிக்குப் பதினெண்மர், இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள்; கையால் பிடிக்கலாம், ஆனால் எறியலாகாது. நம்மவர் முதன்முறை பார்த்தால் சண்டையா ஆட்டமா என்று சற்று மயங்குவார்கள். ஆட்டம் எப்படியாயினும், அதை வளர்த்தவை பேட்டைகள். தொழிற்சாலைப் புகையும் நெருக்கமான வீடுகளும் நிறைந்த பேட்டைகள் தத்தம் பெயரால் கழகம் வைத்தன. சந்தா கட்டியவன் உறுப்பினன், உறுப்பினனுக்கு வாக்குண்டு.

அவற்றுள் ஃபிட்ஸ்ராய் என்ற கழகம் 1883-இல் தோன்றி, 1897-இல் விக்டோரியாக் காற்பந்து லீக்கின் முதற் பருவத்தை ஆடிய எட்டுக் கழகங்களுள் ஒன்றாகி, மொத்தம் எட்டு முறை பட்டம் வென்றது. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1916-இல் நான்கு கழகங்களே ஆட வந்தன. ஃபிட்ஸ்ராய் அந்த நான்கில் கடைசி இடத்தில் நின்று, பிறகு நடந்த இறுதிச் சுற்றில் எல்லாரையும் வீழ்த்திப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. கடைசியாய் வந்தவனே முதல்வனான இந்த வேடிக்கையை அந்தப் பேட்டைக்காரர்கள் நூறாண்டு கழித்தும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் 1966-க்குப் பின் சொந்த மைதானத்தை விட்டு வாடகை மைதானங்களில் அலைந்ததும், தொலைக்காட்சியும் விளம்பரமும் ஆட்டத்தை வணிகமாக்கிய காலத்தில் பணபலமின்றித் தவித்ததும் அந்தக் கழகத்தை அரித்தன. பசிபிக் கடலின் சின்னஞ்சிறு தீவுநாடான நவூருவின் காப்புறுதி நிறுவனத்திடம் பட்ட கடனே ஈற்றில் அதன் கழுத்தில் சுருக்காயிற்று. 1996 செப்டம்பர் முதல் தேதி, சொந்தப் பேட்டையிலிருந்து ஆயிரம் மைலுக்கும் அப்பால் பெர்த் நகரத்தில், ஃபிட்ஸ்ராய் லீக்கில் தன் கடைசி ஆட்டத்தை ஆடித் தோற்றது. பிறகு பிரிஸ்பேன் நகரத்துக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. இணைந்த கழகம் 2001 முதல் மூன்றாண்டு தொடர்ந்து பட்டம் வென்றபோது, அந்த வெற்றியைத் தங்களுடையதென்று கொண்டாடலாமா கூடாதா என்று ஃபிட்ஸ்ராய்க்காரர்களிடையே வீட்டுக்கு வீடு தர்க்கம் நடந்தது.

இதற்கு நேர்மாறாக, 1989-இல் ஃபூட்ஸ்கிரே என்னும் தொழிலாளர் பேட்டையின் கழகத்தை இதே ஃபிட்ஸ்ராயோடு இணைத்துவிடுவதாக லீக் அறிவித்தபோது, அந்தப் பேட்டை ஜனங்கள் தெருத் தெருவாக உண்டியல் ஏந்திச் சில வாரங்களுக்குள் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டித் தங்கள் கழகத்தை மீட்டார்கள். ஃபிட்ஸ்ராயும் முற்றாக மடியவில்லை. 2009 முதல் அமெச்சூர் அணியாக, பழைய பிரன்ஸ்விக் தெரு மைதானத்துக்கே திரும்பி, சம்பளமில்லாத ஆட்டக்காரர்களோடு அது ஆடிக்கொண்டிருக்கிறது. இதிலிருந்து எனக்குப் புலப்படுவது இதுதான்: கழகத்தின் ஜீவன் பட்டத்தில் இல்லை, பணத்திலும் இல்லை, இது எங்களுடையது என்று பாத்தியதையோடு சொல்லக்கூடிய ஒரு ஜனக்கூட்டத்திடம் இருக்கிறது. அந்தப் பாத்தியதைக்கு ஆதாரமாக அவர்களிடம் உறுப்பினர் பட்டியல் இருந்தது, ஆட்டக்காரர் பெயரேடு இருந்தது, ஆட்டங்களின் கணக்கிருந்தது.

மூணாற்று அணிகளின் நிலை வேறு. அங்கே அணி என்பது தோட்டத்தின் அணி. தோட்டமோ கம்பெனியின் தோட்டம். செக்ரோல் என்னும் ஆள்பட்டியலில் பெயர் இருக்கும்வரை லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், வீடு உண்டு, லயத்தில் வீடு இருக்கும்வரை அணியும் உண்டு. தொழிலாளி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, குடும்பத்தில் வேறொருவர் அதே தோட்டத்தில் கொழுந்துக் கூடை சுமக்கவில்லையானால், லயத்தைக் காலிசெய்துவிட்டு மலையிறங்க வேண்டியதுதான். கூடவே அவன் போட்ட கோலும் இறங்கிப்போகிறது. மெல்பேர்ன் பேட்டைக்காரன் வேலையிழந்தாலும் பேட்டைக்காரனாக இருக்கிறான். நல்லதண்ணித் தோட்டத்துக்காரன் வேலை முடிந்த மறுமாதமே நல்லதண்ணிக்காரன் அல்லன்.

கம்பெனி இல்லையென்றால் மைதானமேது, கேடயமேது என்று கேட்பவர்களுக்கு நான் மறுப்புச் சொல்ல வரவில்லை. தொழிலாளியின் ஓய்வுநேரம் தங்களுக்கு அனுகூலமான வழியில் கழியவேண்டுமென்ற எண்ணம் துரைமார்களுக்கு இருந்திருக்கலாம். ஆயினும் பந்து மைதானத்தில் விழுந்த பிறகு அது துரையின் எண்ணப்படி உருள்வதில்லை. 1964-இல் டாட்டா நிறுவனம் பின்லேயோடு கைகோத்தது, 1983-இல் அது டாட்டா டீ ஆயிற்று, 2005-இல் தொழிலாளரையே பெருவாரியான பங்குதாரர்களாகக் கொண்ட புதிய கம்பெனி வந்தது. இத்தனை மாற்றத்திலும் பின்லேயின் பெயரிலான கேடயம் நிலைத்தது. இந்தத் தொடர்ச்சிக்குக் கம்பெனிக்குரிய கௌரவத்தைக் கொடுத்தேயாக வேண்டும். பங்குதாரர் என்ற பெயர் மட்டும் பாத்தியதை ஆகிவிடாது என்பதை 2015 செப்டம்பரில், போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்துப் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் மூணாற்றுச் சாலையை நிறைத்த பெண்தொழிலாளர்கள் ஊரறியச் சொல்லிவிட்டார்கள். மலையின் ஜீவனத்தைத் தாங்கும் அந்தப் பெண்கள் ஷீல்டு ஆட்டத்தில் மட்டும் கரையில் நின்று கூச்சலிடுகிறவர்களாகவே இருந்து வந்தார்கள் என்பதும் குறிக்கத்தக்கது.

கொழிஞ்சாம்பாறைக்கு அருகே மகள் வீட்டில் தங்கியிருக்கும் முதியவர் ஒருவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தோட்ட அணியில் பின்வரிசை காத்தவர், தகரப் பெட்டியிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். பதினொருவர் அரைக்கால் சட்டையோடு நிற்கிறார்கள். நாலைந்து பேருக்குக் காலணியில்லை. நடுவே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு மானேஜர் துரை; அவர் முழங்காலில் சாய்த்து வைத்த ஷீல்டு. "மழையிலே நனைஞ்ச தோல் பந்து கல்லு கணக்கா இருக்கும் தம்பி, தலையிலே முட்டினா ரெண்டு நாளைக்குக் காது கேக்காது" என்றார். நிற்பவர்களின் பெயரைக் கேட்டேன். விரலை ஒவ்வொரு முகமாக நகர்த்தி ஏழு பெயர் சொன்னார்; மூவருக்குப் பட்டப்பெயர்தான் நினைவில் இருந்தது, ஒருவருக்கு அதுவும் இல்லை. நாற்காலியில் இருந்த துரையின் பெயரை மட்டும் தடங்கலில்லாமல் சொன்னார். படத்தின் பின்பக்கத்தில் ஸ்டுடியோவின் மங்கிய முத்திரையைத் தவிர ஒன்றுமில்லை. "பேரெல்லாம் ஆபீஸ் ரிஜிஸ்தர்ல இருக்கும் தம்பி. அதிலேயும் நம்பர்தான் முன்னாடி."

இத்தகைய படங்கள் எத்தனை லயங்களில் எத்தனை பெட்டிகளில் கிடக்கின்றனவோ, அவை எவ்வளவு நாளைக்கு இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு மூணாற்று மலைகளிலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் போயின. உயிருக்கு முன்னால் படம் பெரிதல்ல. ஆனால் அந்த வீடுகளின் சுவரில் யாருடைய தகப்பனார், எந்த வருஷத்து அணியில், எந்த இடத்தில் நின்றிருந்தார் என்று சொல்ல இனி சாட்சியில்லை.

கழகச் சட்டமும் சந்தாவும் நாளைக்கே வந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இறுதியாட்டம் நடக்கும் மைதானத்தில் ஒரு பலகை நாட்டி, 1941 முதல் வென்ற தோட்டங்களின் பெயரையும் ஆட்டக்காரர்களின் பெயரையும் கிடைத்த மட்டில் தமிழில் எழுதிவைக்கக் கம்பெனிக்குப் பெருஞ்செலவு ஆகாது. தொழிற்சங்கங்கள் கேட்டால் மறுக்கவும் மாட்டார்கள் என்று நம்புகிறேன். அதுவரை மலையிலும், மலையிறங்கிய பின் போடியிலும் சங்கரன்கோவிலிலும் எங்கள் பாலக்காட்டுப் பக்கத்திலும் குடியேறியிருக்கும் குடும்பங்களிடம் எனக்கு ஒரே விண்ணப்பந்தான். வீட்டில் பழைய அணிப்படம் இருந்தால், பெரியவர் கண் தெளிவாக இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயரையும் கேட்டுப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.