அண்மைப் படமும் அழியும் எழுத்தும்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் ரயில் பயணத்தைப் பற்றிய பேச்சே மிகுதியாகக் கேட்கும். டிக்கெட் உறுதியாயிற்றா, எத்தனை நாள் தங்கலாம், யார் வீட்டுத் திருமணம், எந்தக் கோயிலில் பிரார்த்தனை என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் ஒரு வேலையைச் சேர்த்துக்கொள்ளுமாறு இத்திங்கள் வாசக அன்பர்களைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். ஊரில் உள்ள பழைய வீட்டில், பரணிலும் மரப்பெட்டியிலும் கிடக்கும் பொருள்களை அருகிலிருந்து தெளிவாகப் படம் எடுத்துவாருங்கள். தாத்தா எழுதிய அஞ்சலட்டை, பாட்டியின் பெயர் வெட்டிய வெண்கலப் பானை, ஏட்டில் எழுதிய ஜாதகம் ஆகியவற்றைத்தான் சொல்கிறேன்.

படம் எடுப்பது இன்று அரிய கலை அன்று. ஒவ்வொருவர் கையிலும் காமிரா இருக்கிறது. ஆயினும் அருகிலிருந்து எடுக்கும் படம் மட்டும் பத்துக்கு ஏழு மங்கலாகவே வந்து சேருகிறது. மனிதரையோ கோபுரத்தையோ எடுத்த படம் சற்று மங்கினால் குடி முழுகிப்போவதில்லை; இன்னார் என்று அடையாளம் தெரியும். எழுத்து மங்கினால் எல்லாமே போயிற்று. ஓர் அன்பர் குடும்பத்தில் பாகப்பிரிவினைக்கு முன் அவசர அவசரமாக ஒரு கட்டுக் கடிதங்களைப் படம் எடுத்தார்கள். கடிதங்கள் ஒரு பங்காளியுடன் போயின, வீடு விலையாயிற்று. இங்கே வந்து பெரிதாக்கிப் பார்த்தால் வரி வரியாகச் சாம்பல் நிறக் கோடுகளே தெரிந்தன. மறுபடி எடுக்கலாம் என்றால் கடிதங்கள் எங்கே?

மங்கலுக்கு முதற் காரணம், அளவுக்கு மிஞ்சி நெருங்குவதுதான். எழுத்து சிறியது, ஆதலின் கிட்டப் போகவேண்டும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு லென்ஸுக்கும், அதற்கு மேல் நெருங்கினால் பிம்பம் கூர்மையாக விழாது என்னும் எல்லை ஒன்று உண்டு. நம் கண்ணுக்கும் அத்தகைய எல்லை உண்டு. நாற்பது வயதுக்குப்பின் செய்தித்தாளைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் படிப்போருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இன்றைய கைபேசிகள் பலவற்றின் பிரதான காமிராவுக்கு இந்த எல்லை ஏறத்தாழ 10 முதல் 25 சென்டிமீட்டர் வரை இருக்கிறது. விலையுயர்ந்த கைபேசியானால் இன்னும் நெருங்கலாம் என்று எண்ணுவது பொருந்தாது. அவற்றில் பிம்பம் விழும் தகடு பெரிதாக இருப்பதால் பிரதான லென்ஸின் எல்லை சற்று அதிகமாகவே இருப்பதுண்டு. அக்குறையை ஈடுசெய்யவே, சில கருவிகள் நெருங்கியவுடன் அகன்ற கோண லென்ஸுக்குத் தாமாகவே மாறிவிடுகின்றன. 2021-ல் வந்த ஐபோன் 13 ப்ரோ அவ்வாறு 2 சென்டிமீட்டர் வரை நெருங்க வல்லது. பூவின் மகரந்தத்துக்கு அது நன்று. கடிதத்துக்கோ ஓரங்கள் வளைந்துவிடும். கருவியின் நிழலே தாளின்மேல் விழுந்துவிடும்.

அப்படியாயின் சிறிய எழுத்தை எடுப்பது எவ்வாறு? சிறிது கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்திய அஞ்சலட்டையின் நீளம் 14 சென்டிமீட்டர், அகலம் 9 சென்டிமீட்டர். சாதாரணக் கைபேசியை 25 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்தால், படத்தில் அடங்கும் பரப்பின் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். படத்தின் நீளவாக்கில் 4000 புள்ளிகள் இருப்பதாகக் கொண்டால், அஞ்சலட்டையின் நீளத்துக்கு 1600 புள்ளிகள் கிடைக்கும். அதாவது ஓர் அங்குலத்துக்கு 290 புள்ளிகள். நல்ல அச்சுக்கு 300 புள்ளிகள் என்பது வழக்கமான கணக்கு. ஆகவே அட்டை படத்தின் நடுவில் சிறிதாகத் தெரிந்தாலும் கவலை வேண்டா. தூரத்திலிருந்து கூர்மையாக எடுத்துப் பின்னர் வேண்டாத ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். நெருங்கி எடுத்த மங்கற் படத்தை எந்த வித்தை கொண்டும் கூர்மையாக்க இயலாது. இக்காலத்துக் கணிப்பொறிகள் மங்கலைத் தெளிவாக்குவதாகச் சொல்லிக்கொள்கின்றன. அவை இல்லாத எழுத்தை ஊகித்து வரைபவை. பாட்டனார் எழுதிய தொகை நூறா நூற்றைம்பதா என்பதில் எனக்கு ஊகம் வேண்டியதில்லை.

பூப்போன்ற குறியிட்ட சிறிய டிஜிட்டல் காமிரா சில வீடுகளில் இன்னும் இருக்கும். அந்தக் குறி அண்மைப் படத்துக்கானது. ஆனால் அவற்றுட் பலவும் லென்ஸை முன்னே நீட்டாத நிலையில்தான் மிக நெருங்க வல்லவை. ‘ஜூம்’ செய்தால் எல்லைத் தூரமும் கூடவே நீண்டுவிடும்.

பிலிம் போட்டு எடுக்கும் பழைய பெட்டிக் காமிராவை விடாமல் வைத்திருப்போரும் நம்மிடையே உண்டு. குவியம் மாற்ற இயலாத அக்கருவியில் ஆறேழு அடிக்குள் வந்த எதுவும் தெளியாது. அதற்கும் வழி இருக்கிறது. கடையில் வாங்கும் வாசிப்புக் கண்ணாடியின் ‘பவர்’ 2 என்றால் அதன் குவியத் தூரம் 50 சென்டிமீட்டர். 3 என்றால் 33. 4 என்றால் 25. நூறு சென்டிமீட்டரைப் பவரால் வகுத்தால் விடை வந்துவிடும். தூரத்துப் பொருளுக்குக் குவிந்திருக்கும் எந்தக் காமிராவின் முன்னும் அக்கண்ணாடியை ஒட்டிப் பிடித்தால், அத்தூரத்தில் உள்ள பொருள் தெளிவாகிவிடும். பெட்டிக் காமிரா மிக நெடுந்தூரத்துக்குக் குவிந்ததன்று. ஆதலின் அதில் தெளியும் இடம் இக்கணக்கைவிடச் சற்றுக் கிட்டத்திலேயே அமையும். பொருளை ஓரிரு விரற்கடை முன்தள்ளி இரண்டு மூன்று படம் எடுப்பது நலம். தூரத்தை அளக்க, காமிராவில் ஒரு நூலைக் கட்டி உரிய இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டால் போதும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது. பார்க்கும் துவாரம் லென்ஸுக்கு மேலே இருப்பதால், கண்ணுக்குத் தெரிவதும் பிலிமில் விழுவதும் அண்மையில் ஒன்றாக இரா. அந்த இடைவெளி அளவுக்குப் பொருளை நகர்த்தி வைக்கவேண்டும்.

இத்தகைய கைவேலையை ஏளனமாகக் கருதவேண்டா. காட்டுயிர்ப் படங்களுக்குப் பெயர் பெற்ற மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர், பல கருவிகளின் பகுதிகளை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட காமிராவுடன்தான் காடுகளில் அலைந்தார். அதற்குச் ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று பெயரும் சூட்டியிருந்தார். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996-ல் மறையும்வரை அவர் எழுதிய பகுதியை அங்கிருந்த நம்மவர் மூத்தோர் சிலர் இன்னும் நினைவுகூர்வர்.

இனி, மங்கலுக்கு இரண்டாவது காரணம் நடுக்கம். அண்மையில் பொருள் பெரிதாவதுபோலவே கையின் அசைவும் பெரிதாகிறது. மூச்சை அடக்கிக்கொண்டாலும் உடல் முன்னும் பின்னும் ஆடுவது நிற்காது. ஆகையால் கையை நம்பாமல் முக்காலியை நம்புங்கள். முக்காலியின் விளிம்பில் கைபேசியைக் குப்புற வைத்து, லென்ஸ் மட்டும் வெளியே நீட்டியிருக்குமாறு செய்து, மேலே ஒரு புத்தகத்தைப் பாரமாக வைக்கலாம். கீழே தரையில் கடிதம். உயரம் மிகுதியானால் கடிதத்தின் அடியில் பழைய பஞ்சாங்கங்களை அடுக்கிக்கொள்ளலாம். முக்காலியின் நிழல் கடிதத்தில் விழாதவாறு சன்னலை எதிர்ப்புறம் கொள்க. பொத்தானைத் தொடுவதே ஓர் அசைவாதலால், இரண்டு விநாடி கழித்துத் தானே எடுக்கும் வசதியைப் பயன்படுத்துக. எல்லாவற்றுக்கும் முன்பாக லென்ஸை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். முறுக்குத் தின்ற விரல் பட்ட லென்ஸ் எந்தப் படத்தையும் பனிமூட்டத்தில் ஆழ்த்திவிடும்.

கடிதம் முழுவதும் ஒரே கூர்மையாக வர, காமிரா தாளுக்கு இணையாக இருத்தல் அவசியம். இதனைக் கண்ணால் மட்டிட முயல்வதைக் காட்டிலும், ஒரு சிறு முகக்கண்ணாடியைத் தாளின் நடுவே படுக்கவைத்துத் திரையைப் பாருங்கள். கண்ணாடியில் லென்ஸின் பிம்பம் திரையின் நடுப்புள்ளியில் தெரிந்தால் இணையாக இருக்கிறது என்பது உறுதி. ஓரத்தில் தெரிந்தால் சாய்ந்திருக்கிறது. பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு, திரையில் ஓர் எழுத்தின்மீது விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைபேசிகளில் குவியம் அங்கேயே நிலைத்துவிடும். அடுத்தடுத்து ஐம்பது கடிதங்களை மாற்றி மாற்றி வைத்து எடுக்கலாம்.

தட்டையான தாள் எளிது. நம் வீட்டுப் பாத்திரங்கள்தாம் கடினம்; எனக்கு மிகவும் விருப்பமானவையும் அவையே. பித்தளைக் குடத்திலும் வெண்கலப் பானையிலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவது நம் வழக்கம். யார் யாருக்குச் சீராகக் கொடுத்தது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்னும் விவரம் சிலவற்றில் முழுமையாக இருக்கும். வேறெங்கும் பெயர் எழுதப்படாத பெண்கள் பலருடைய பெயர் பாத்திரத்தில் மட்டுமே இருக்கிறது. பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கும் வழக்கத்தால் ஊர் ஊராக அந்தப் பெயர்கள் உலைக்குப் போயின, இன்னும் போகின்றன.

குடத்தின் வயிறு வளைந்தது. பத்துச் சென்டிமீட்டர் ஆரமுள்ள குடத்தில் ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பெயர் இருந்தால், நடு எழுத்தைவிட ஓர எழுத்து ஏறத்தாழ அரைச் சென்டிமீட்டர் பின்வாங்கி இருக்கும். அண்மைப் படத்தில் இந்த அரைச் சென்டிமீட்டர் பெரிய தொல்லை. 35 மில்லிமீட்டர் பிலிம் அளவுள்ள காமிராவில் 12 சென்டிமீட்டர் அகலப் பரப்பை எடுக்கும்போது, துவாரம் எஃப் 4 எனில் தெளிவாக வரும் ஆழம் மூன்றரை மில்லிமீட்டர்தான். எஃப் 11 எனில் ஒன்பதரை. ஆகவே துவாரத்தைச் சுருக்க வேண்டும். அதற்காக எஃப் 22-க்கு ஓடவும் கூடாது. மிகச் சிறு துவாரத்தில் ஒளி சிதறிப் படம் முழுவதுமே சற்றுக் குழைந்துவிடும். குவியத்தை நடு எழுத்தில் வைக்காமல், நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட எழுத்தில் வைத்தால் கிடைக்கும் ஆழம் இருபுறமும் பங்கிடப்படும். கைபேசியில் துவாரத்தை மாற்றுவது பெரும்பாலும் இயலாது. சிறிது விலகி எடுத்தால் ஆழம் தானே கூடும். அதுவே அங்கு நமக்குள்ள உபாயம்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு சொல். காமிராவின் மின்னல் விளக்கை அணைத்துவிடுங்கள். பித்தளையில் அது வெள்ளை வட்டமாகத் திரும்பி, பெயர் இருந்த இடத்தையே மறைத்துவிடும். சன்னல் ஓரத்தில் பாத்திரத்தை வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் வழித்துக்கொண்டு போகுமாறு திருப்புங்கள். வெட்டின் ஒரு கரை ஒளியும் மறு கரை நிழலுமாக எழுத்து எழுந்து நிற்கும். பளபளப்பு மிகுதியானால் சன்னலில் ஒரு மல் வேஷ்டியைத் தொங்கவிடுங்கள். ஒளி பரவி மென்மையாகும். இன்னொன்று: படம் எடுக்கப்போகிறோம் என்று பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். வெட்டுக்குள் தங்கிய கறுப்பே எழுத்தைக் காட்டித் தருகிறது. துலக்கியே வைத்த பாத்திரமாயின், சிறிது அரிசி மாவைத் தடவித் துடைத்தால் மாவு புள்ளிகளில் தங்கி எழுத்து வெளுத்துத் தெரியும்.

இந்த மாவு வித்தை ஓலைக்கு ஒருபோதும் ஆகாது. எழுத்தாணியால் கீறிய ஓலைக்கும் பக்கவாட்டு வெளிச்சமே போதும். மை பூசாத ஏடுகூட அவ்வொளியில் படிக்கும் நிலைக்கு வருவதுண்டு. ஒடியும் ஏட்டைப் பிரிக்க முயலாமல், மேலேடு ஒன்றையும் கட்டின் தோற்றத்தையும் மட்டும் படம் எடுத்து அறிந்தவரிடம் காட்டுவது நலம். புதுச்சேரியில் 1955-ல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடித் தொகுப்பு 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம் பெற்றது. அங்கும், சென்னையில் 1994-ல் ஏற்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய எழுத்தின் அருமை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

எடுத்தவுடன் அங்கேயே படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு மூலையிலும் ஒரு சொல்லைப் படித்துப் பாருங்கள். படிக்க முடிகிறதா என்பதொன்றே சோதனை. வீட்டுப் பெரியவர் அருகில் இருந்தால் அவரையே படிக்கச் சொல்லி, யார் எழுதியது, யாருக்கு என்பதை ஒரு தாளில் குறித்து, அத்தாளையும் பக்கத்தில் வைத்து மறுபடி ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். இங்கே பிறந்த நம் பிள்ளைகளுட் பலர் அச்சுத் தமிழையே எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். தாத்தாவின் கூட்டெழுத்து அவர்களுக்குப் பிடிபடாது. படத்தின் பிரதி ஒன்று ஊரில் இருக்கும் உறவினரிடமும் இருக்கட்டும்.

கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய பழைய படங்களைப் பற்றி இங்கே சொல்ல இடமில்லை. அவை அடுத்த இதழில். அதற்குள் ஊருக்குப் புறப்படும் அன்பர்களுக்கு ஒன்று மட்டும்: கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரித்தெடுக்க முயலவேண்டா. பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடேயே சன்னலுக்குப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, நீங்கள் நிற்கும் பக்கத்தில் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டு எடுத்துவாருங்கள்.