சாப்பாடே சாட்சி சொல்லட்டும்

இ.சி.ஜி. தாளில் க்யூ அலை தொடங்கி டி அலை முடியும் வரையிலான நேரம் க்யூ.டி. இடைவெளி. இதயத்தின் கீழறைகள் சுருங்கி, மின்னளவில் அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் அது. சில மருந்துகள் அதை நீட்டிவிடுகின்றன. மிதமிஞ்சி நீண்டால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒவ்வாமைக்குத் தந்த டெர்ஃபெனடினும் நெஞ்செரிச்சலுக்குத் தந்த சிசாப்ரைடும் அமெரிக்க மருந்துக்கடைகளிலிருந்து மறைந்தது இதனால்தான். மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐ.சி.எச். அமைப்பு 2005-இல் தந்த இ14 வழிகாட்டி, சராசரியாக 5 மில்லி விநாடி நீட்சியையே கவலைக்குரிய எல்லையாக வைத்தது. ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கு! இவ்வளவு நுண்ணிய அளவீட்டில் 'மாற்றம் இல்லை' என்று முடிவு வந்தால், மருந்து பாதுகாப்பானதா, சோதனைக்குத்தான் கண் தெரியவில்லையா? அதை அறியவே ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் 400 மில்லிகிராம் கொடுக்கிறார்கள். அது க்யூ.டி.யை நீட்டும் என்பது தெரிந்த விஷயம். அந்த நீட்சி பதிவானால் சோதனையை நம்பலாம்.

2015-இல் விதி தளர்ந்தது. இ14 கேட்ட தனிப் பெரிய ஆய்வுக்குப் பதிலாக, ரத்தத்தில் மருந்தின் அளவையும் க்யூ.டி. மாற்றத்தையும் பொருத்திப் பார்க்கும் முதல் கட்டச் சோதனையே போதும் என்றாயிற்று. வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு மருந்து தன்னார்வலர்களின் ரத்தத்தில் ஏறியிருந்தால் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். ஆனால் பக்கவிளைவுக்குப் பயந்து பல மருந்துகளை அந்த அளவுக்கு ஏற்ற முடியாது. இந்தக் குறையைச் சாப்பாடு நிரப்பும் என்பதே என் வாதம். உணவுக்குப் பின் நாடித்துடிப்பு கூடுகிறது. துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய க்யூ.டி. சில மணி நேரத்துக்குச் சில மில்லி விநாடிகள் குறைகிறது. இதைக் கொண்டே ஒரு சோதனையின் கூர்மையை நிரூபிக்கலாம் என்று லண்டனின் ரிச்மண்ட் ஃபார்மகாலஜி ஆய்வாளர்கள் 2012-இல் எழுதினார்கள். தன்னார்வலர்கள் எப்படியும் குறித்த நேரத்தில் சாப்பிடுகிறவர்கள். கூடுதல் மாத்திரை எதற்கு?

தேடுவது நீட்சியை, உணவு காட்டுவதோ குறைவை என்பார்கள். தராசு நுண்ணிய எடையை உணர்கிறதா என்று பார்க்க எந்தத் தட்டில் வைத்தால் என்ன? கருவி, அலையை அளப்பவரின் கண், கணக்கிடும் முறை மூன்றும் இரு பக்கத்துக்கும் பொது. உணவின் விளைவு மருந்தின் விளைவோடு கலந்துவிடாதா என்ற கேள்விக்கும் வழி உண்டு: மருந்து தருவதற்கு முந்தைய நாளே சாப்பாட்டுச் சோதனையை முடித்துவிடலாம். நாடித்துடிப்பைத் திருத்தும் சூத்திரமே பொய்க் குறைவைக் காட்டலாம் என்ற மறுப்புதான் வலுவானது. ஒன்றுக்கு மேற்பட்ட திருத்த முறைகளில் விடை ஒத்துவருகிறதா என்று பார்க்காமல் அதை ஒதுக்க முடியாது. டி அலையின் வடிவத்தையே மாற்றும் மருந்துகளுக்கும் துடிப்பை மிகவும் கூட்டும் மருந்துகளுக்கும் சாப்பாடு மட்டும் போதாது. அங்கே ஆன்டிபயாடிக் இருக்கட்டும். மற்றவற்றுக்கு, எத்தனை கலோரி, எந்த நேரம், எவ்வளவு குறைவு தெரிந்தால் தேர்ச்சி என்பதை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.