அர்ஃபஜாவின் மூக்கும் நம் வீட்டு இடுப்பு மூட்டும்

திண்டிவனத்தில் நமக்கு நன்கு அறிமுகமான குடும்பம் ஒன்று. வீட்டுப் பெரியவருக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் இடது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். இப்போது அந்தச் செயற்கை மூட்டு தளர்ந்துவிட்டது. மறு அறுவை சிகிச்சை தேவை என்று மருத்துவர் கூறிவிட்டார். பிள்ளைகள் மக்ரிபுக்குப் பிறகு நம்மைத் தேடி வந்தார்கள். கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “ஹஜ்ரத், அத்தாவுக்குப் புதிதாக வைக்கப் போகும் பொருளில் பன்றி சம்பந்தப்பட்டது ஏதும் இருக்குமா?”

மருத்துவர் அவர்களிடம் கேட்ட கேள்வியோ வேறு. முதலில் வைத்தது எந்தக் கம்பெனியின் மூட்டு? பந்து உலோகமா, பீங்கானா? உள்ளே உரசுவது எதன்மேல் எது? வீட்டில் நிலப் பத்திரம் இருக்கிறது, மூன்று தலைமுறைத் திருமண அழைப்பிதழ்கள் இருக்கின்றன, மூடப்பட்டுவிட்ட சீட்டு நிறுவனத்தின் பாஸ்புத்தகம்கூட இருக்கிறது. தந்தையின் உடலுக்குள் இருக்கும் பொருளைப் பற்றிய காகிதம் மட்டும் இல்லை.

முதல் கேள்விக்கு விடை சொல்ல நமக்கு இரண்டு நிமிடம் போதும். செயற்கை இடுப்பு மூட்டின் உலோகம் டைட்டேனியம் கலவை அல்லது கோபால்ட்-குரோமியம். பீங்கான் என்பது அலுமினியம், சிர்கோனியம் ஆகியவற்றின் ஆக்சைடு. உள்ளுறையாக வைக்கும் பாலிஎத்திலீன், பெட்ரோலியத்திலிருந்து வரும் பிளாஸ்டிக். எலும்பு சிமெண்ட் அக்ரிலிக் வகை. இவற்றில் விலங்கின் பாகம் இல்லை. மறு அறுவையில் தேய்ந்துபோன இடத்தை நிரப்ப எலும்பு ஒட்டு தேவைப்படலாம். அது தானமாகப் பெற்ற மனித எலும்பா, மாட்டெலும்பிலிருந்து செய்ததா என்று கேட்டுக்கொள்ளலாம். முறிந்த எலும்பைத் தூய பொருள் கிடைக்காத நிலையில் அசுத்தமான பொருளால் இணைத்துக்கொண்டவர் மன்னிக்கப்படுவார் என்று இமாம் நவவீ (ரஹ்) ‘மின்ஹாஜ்’ நூலில் எழுதிச் சென்று எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம் மத்ரஸாக்களில் அந்தப் பாடம் நடக்கிறது. மார்க்கம் இந்த வாசலை நெருக்கமாக வைக்கவில்லை.

நம் கோபம் இரண்டாவது கேள்வியைப் பற்றியது. அதை நம் சமுதாயத்தில் கேட்பார் இல்லை. கேட்டால் தவக்குல் குறைந்தவர் என்று பார்க்கிறார்கள். “மருத்துவருக்குத் தெரியாதா? அல்லாஹ் நாடியது நடக்கும்” என்பார்கள். இதே மனிதர் திண்டிவனம் கடைவீதியில் மிக்ஸி வாங்கினால் உத்தரவாத அட்டையில் முத்திரை வாங்காமல் கடையை விட்டு இறங்க மாட்டார்.

அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்களின் செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது. அறியாமைக் காலத்தில் குலாப் போரில் அவருடைய மூக்கு துண்டிக்கப்பட்டது. வெள்ளியில் மூக்கு செய்து வைத்துக்கொண்டார். அது துர்நாற்றம் எடுத்தது. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தில் செய்து வைத்துக்கொள்ளும்படி கூறினார்கள். ஆண்களுக்குத் தங்கம் அனுமதிக்கப்பட்ட பொருளன்று என்பதை நாம் அறிவோம். இந்த நபிமொழியைச் சட்டப் பாடத்தில் தங்கத்துக்கான விதிவிலக்காக மட்டும் ஓதிவிட்டுக் கடந்து போகிறோம். நின்று பார்த்தால், இதுவே ஒரு மறு சிகிச்சையின் வரலாறு. முதலில் வைத்த பொருள் உடலோடு ஒத்துப்போகவில்லை. ஏன் ஒத்துப்போகவில்லை என்பது தெரிந்திருந்தது. எனவே பொருள் மாற்றப்பட்டது. வெள்ளி மூக்கோடு பொறுமையாக இரு என்று அவரிடம் சொல்லப்படவில்லை.

இடுப்பு மூட்டிலும் நியாயம் அதுவே. தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, அதன் மேல் பந்து, இடுப்பெலும்பில் பதியும் கிண்ணம், கிண்ணத்துக்குள் உள்ளுறை. மறு அறுவையில் எதை வைப்பது என்பதை, முதல் மூட்டு எதனால் கெட்டது என்பது பெரிதும் தீர்மானிக்கிறது. உலோகத்தின்மேல் உலோகம் உரசித் துகள் பரவியிருந்தால், மீண்டும் கோபால்ட்-குரோமியப் பந்து வைப்பதைத் தவிர்த்துப் பீங்கான் பந்தும் பாலிஎத்திலீன் உள்ளுறையும் வைக்கப் பார்ப்பார்கள். பீங்கான் உடைந்து அறுவை நடக்கிறதென்றால் அங்கே உலோகப் பந்து ஆபத்து. எவ்வளவு கழுவினாலும் தங்கிவிடும் பீங்கான் துணுக்குகள் உலோகத்தை அரம் போல் அறுத்துவிடும். மூட்டு அடிக்கடி நழுவியிருந்தால் பெரிய பந்தோ, இரட்டை அசைவுள்ள கிண்ணமோ தேவைப்படலாம். கிருமித் தொற்று என்றால் பொருளைப் பற்றிய பேச்சே பிறகுதான். பெரும்பாலும் மூட்டை எடுத்துவிட்டு மருந்து கலந்த சிமெண்டைத் தற்காலிகமாக வைத்துத் தொற்றை ஒழித்த பின்னரே அடுத்தது.

அந்தப் பழைய காகிதத்தின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. தண்டு எலும்போடு உறுதியாக ஒட்டியிருந்தால் அதை விட்டுவிட்டுப் பந்தையும் உள்ளுறையையும் மட்டும் மாற்ற முடியும். ஆனால் பந்து பொருந்தும் தண்டின் கூம்பு முனை, கம்பெனிக்குக் கம்பெனி அளவிலும் சரிவிலும் மாறும். எது என்று தெரியாவிட்டால் எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிக்க வேண்டும். ஊகம் பொய்த்தால் நன்றாக இருக்கும் தண்டையும் பிடுங்க நேரும். அதற்குச் சில வேளைகளில் தொடை எலும்பையே நீளவாக்கில் பிளக்க வேண்டும். எழுபது வயது உடல் அதைத் தாங்க வேண்டும். ஒரு சிறு ஸ்டிக்கர் இல்லாததற்கு இவ்வளவு விலை.

இது வெறும் அச்சமூட்டல் என்று நினைப்பவர்கள் ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிபியூ நிறுவனம் விற்ற ஏ.எஸ்.ஆர். மூட்டின் கதையைப் படிக்கட்டும். கோபால்ட்-குரோமியப் பந்து கோபால்ட்-குரோமியக் கிண்ணத்தில் உரசும் மூட்டு அது. பெரிய பந்து என்பதால் நழுவாது, அசைவு அதிகம் என்றார்கள். தரையில் அமரவும் ஸஜ்தா செய்யவும் ஏங்குகிறவரின் காதில் அது எப்படி ஒலித்திருக்கும்! உலகெங்கும் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தப்பட்ட பின் 2010 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. உரசலில் எழுந்த துகள்கள் சுற்றியிருந்த தசையையும் எலும்பையும் அரித்தன. கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் ஏறின. லிட்டர் இரத்தத்தில் 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் கண்காணிப்பு அமைப்பு எச்சரித்தது. ஆஸ்திரேலியாவில் 2009 இறுதியிலேயே அந்த மூட்டு சந்தையிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. அங்கே எவருக்கு எந்த மூட்டு, எப்போது கெட்டது என்று தேசியப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்ததால் குறை வெளிப்பட்டது.

நம் நாட்டில் சுமார் 4,700 அறுவைகளில் அது பொருத்தப்பட்டது. மத்திய சுகாதார அமைச்சகம் 2017இல் அமைத்த நிபுணர் குழு ஆராய்ந்தபோது 3,600க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அமெரிக்காவில் 2013இல் சுமார் 8,000 பேருக்காக ஏறத்தாழ 250 கோடி டாலர் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. இங்கே 2018 நவம்பரில் அரசு 30 இலட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு வகுத்ததும் நிறுவனம் நீதிமன்றம் போயிற்று. 2019 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 67 பேருக்குத் தலா 25 இலட்சம் தர முன்வந்தது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டுபிடித்து, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கடிந்த நபியின் உம்மத் நாம். கண்டுபிடிக்க முடியாத அந்த ஆயிரக்கணக்கானோரில் நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை பேர் என்று எவரால் சொல்ல முடியும்?

அந்த மூட்டு வெளிநாட்டுச் சரக்கு, அக்காலத்தில் புதியது. “இம்போர்ட்டட் வையுங்கள், பணம் பார்க்காதீர்கள்” என்று வளைகுடாவிலிருந்து தொலைபேசியில் சொல்லும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். உங்கள் பாசத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் விலையும் புதுமையும் பொருளின் சான்றிதழ் ஆகா. 2017 ஆகஸ்டில் அரசு விலை உச்சவரம்பு விதித்தது முழங்கால் மூட்டுக்கு. இடுப்பு மூட்டுக்கு அந்த ஆணை பொருந்தாது. ஆகவே இடுப்பு மூட்டுக்கு ‘பேக்கேஜ்’ என்று ஒரே தொகை சொல்லப்பட்டால், அதில் மூட்டின் பெயரும் பொருளும் விலையும் தனியே எழுதித் தரக் கேளுங்கள்.

மருத்துவருக்குக் கட்டளையிடச் சொல்கிறோமா என்றால், இல்லை. எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அவரே அறிவார். திறந்து பார்த்த பின் திட்டத்தை மாற்றவும் நேரலாம். காரணத்தைச் சொல்லும்படி கேட்பது நம் உரிமை. சொல்ல மறுத்தால் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. இன்னொரு கருத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார் என்ற பயத்துக்குத் தவக்குல் என்று பெயர் சூட்டாதீர்கள்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கக் கட்டளையிடும் வசனம், அல்பகரா 282, குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு எழுத்தும் சாட்சியும் கேட்கும் மார்க்கத்தில், உடல் என்னும் அமானிதத்துக்குள் வைத்த பொருளுக்கு எழுத்து வேண்டாமா? மருத்துவமனை பார்த்துக்கொள்ளும் என்று இருக்க வேண்டாம். உள்நோயாளியின் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பது 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதி. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே விதி. மூட்டோ பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்த பின் கெடுகிறது. பிள்ளைகள் அந்த மருத்துவமனைக்கும் போய்க் கேட்டார்கள். பழைய கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன என்ற பதிலோடு திரும்பினார்கள்.

பெரியவருக்கு அறுவை முடிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். தண்டு தானே தளர்ந்திருந்ததால் எலும்பைப் பிளக்க வேண்டி வரவில்லை. நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். இம்முறை பெட்டிகளிலிருந்து கழற்றிய ஸ்டிக்கர்களைப் பிள்ளைகள் கேட்டு வாங்கினார்கள். கம்பெனி, பொருள், அளவு, லாட் எண் எல்லாம் அதில் உண்டு. ஒரு நகலை நம்மிடமும் தந்திருக்கிறார்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள ஜமாஅத்துகள் நிகாஹ் தஃப்தர்களைப் பல்லாண்டுகளாகக் கறையான் அரிக்காமல் காத்து வருகின்றன. அதே அலமாரியில் இதற்கும் ஒரு கோப்பு வைக்க முத்தவல்லிகள் இடம் தரட்டும். முதல் தாளாகப் பெரியவரின் நகலை அடுத்த ஜும்ஆ அன்று நாம் கொண்டுவருகிறோம்.