கச்சத்தீவு: பட்டாவும் பாதையும்

பெங்களூரில் நாலு தமிழர்கள் சேர்ந்தால் பேச்சு சினிமாவில் ஆரம்பிக்கும், காவிரியில் நனையும், தேர்தல் நேரமாக இருந்தால் கச்சத்தீவில் கரையேறும். "இந்திரா காந்தி தூக்கிக் கொடுத்துட்டாங்க", "கலைஞர் தடுக்கல", "எப்படியாவது மீட்கணும்"... இந்த மூன்று வசனத்தோடு காபியும் தீர்ந்துவிடும். 2024 தேர்தலில் பிரதமரே இதைப் பேசினார். 2025 ஏப்ரலில் தீவை மீட்கச் சொல்லித் தமிழக சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க அங்கேயே போய் இறங்கினார். ஆக, இரண்டு கரையிலும் ஒரே கேள்விதான்: பட்டா யார் பேரில்?

நான் பேங்க்காரன். வீட்டுக்கடன் ஃபைல் வந்தால் பட்டாவை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட முடியாது. நடைவழி பாத்தியம் யாருக்கு, கிணற்றில் யாருக்குப் பங்கு, வில்லங்கம் உண்டா என்று எல்லாம் பார்க்க வேண்டும். கச்சத்தீவையும் அப்படிப் பார்ப்போமே.

சொத்து விவரம்: 285 ஏக்கர். குடிதண்ணீர் கிடையாது, ஊர் கிடையாது. ஒரு அந்தோணியார் கோயில் உண்டு. பத்திரம்: 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த ஒப்பந்தம். அதன் 5-வது பிரிவைத்தான் நம்மில் பலர் படிப்பதில்லை. இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம், விசா வேண்டாம் என்கிறது அது. நிலம் போனாலும் பாதை போகவில்லை! ஆனால் அதில் மீன்பிடிப்பு என்ற வார்த்தை இல்லை. 1976 மார்ச்சில் இரு நாடுகளும் எழுதிக்கொண்ட கடிதங்கள், ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று அடைத்துவிட்டன. அப்போது நாட்டில் எமர்ஜென்சி. ஜனவரியிலேயே மாநில ஆட்சி கலைக்கப்பட்டதால், கேள்வி கேட்கச் சென்னையில் சட்டமன்றமும் இல்லை.

அந்தப் பாதை இன்று எப்படி இருக்கிறது? வருஷத்துக்கு இரண்டே நாள். தவக்காலத் திருவிழாவுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்து, சோதனையெல்லாம் முடித்து, ராமேஸ்வரத்திலிருந்து படகில் போக வேண்டும். மாலையில் சிலுவைப்பாதை, தேர். இரவு வெட்டவெளியில் படுக்கை. காலையில் திருப்பலி முடிந்ததும் திரும்ப வேண்டும். யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். ஒரே மொழியில் ஜெபம், சொந்தபந்தம் விசாரிப்பு. போர்க்காலத்தில் இதுவும் நின்றிருந்தது. 2024-ல் மீனவர்களுக்குச் சிறைத்தண்டனை கொடுத்ததைக் கண்டித்து ராமேஸ்வரம்காரர்கள் புறக்கணித்தார்கள். 2025-ல் மறுபடி போனார்கள். கையில் இருக்கும் உரிமையே இப்படி நூலில் தொங்குகிறது.

சரி, தீவு நாளைக்கே கைக்கு வந்தால் கைது நின்றுவிடுமா? செய்தியைக் கவனியுங்கள், "நெடுந்தீவு அருகே கைது" என்றுதான் அடிக்கடி வருகிறது. நெடுந்தீவு கச்சத்தீவையும் தாண்டி இருக்கிறது. அங்கே ஜனங்கள் வாழ்கிறார்கள். மருந்துக்கும் மளிகைக்கும் குறிகட்டுவான் துறைக்கு ஒரு மணி நேரம் படகில் வர வேண்டும். 1985 மே 15-ல் குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதை அந்தத் தீவு இன்னும் நினைவு கூர்கிறது. போர் முடியும்வரை வடக்கு மீனவர்களைக் கடலுக்குச் சரியாக விடவில்லை. 2009-க்குப் பிறகு வலையோடு போனால், நம் விசைப்படகுகளின் இழுவை மடி அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு போகிறது. வலையை அறுத்தவனும் தமிழன், அழுகிறவனும் தமிழன். இதைப் பேச நமக்குக் கூச்சமாக இருக்கிறது, இல்லையா?

ராமேஸ்வரம் மீனவரைக் குற்றவாளி ஆக்கவில்லை. சுடுவதையும் படகைப் பறிப்பதையும் நியாயப்படுத்தவும் இல்லை. இழுவைப் படகைக் காட்டி வளர்ச்சி என்று ஆசை காட்டியதே அரசாங்கங்கள்தான். 2017-ல் ஆழ்கடல் திட்டம் வந்தது: படகு 80 லட்சம், 70 சதவீதம் மானியம், மூன்று வருஷத்தில் 2000 படகுகளை மாற்றுவது இலக்கு. அதன் பக்கத்தில் கூட வரவில்லை. பழகிய தொழில் வேறு, சூரைமீன் தேடி நாள் கணக்கில் ஆழ்கடலில் கிடப்பது வேறு. மீதிப் பணத்துக்கு லோன், டீசலுக்குக் கடன்... தவணை கட்ட முடியுமா என்று அந்த மனிதர் யோசிப்பது நியாயம்தானே?

உலகத்தில் இதற்கு வழியே இல்லையா? ஆஸ்திரேலியாவும் பப்புவா நியூ கினியும் 1978-ல் டோரஸ் நீரிணை ஒப்பந்தம் போட்டன. சைபாய் தீவு பப்புவா கரைக்கு நாலைந்து கிலோமீட்டர்தான், ஆனால் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம். யாரும் மீட்கவில்லை. பாரம்பரியக் குடிகள் பாஸ்போர்ட் இல்லாமல் வந்து போகிறார்கள், மீனையும் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். கர்நாடகாவில் வாழும் நமக்கும் இது புதுசு இல்லை. "காவிரி யாருடையது" என்று கத்தியபோது ஒன்றும் தீரவில்லை. தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கணக்குச் சொன்ன பிறகுதான், சண்டையை அளவு வைத்துப் பேச முடிகிறது.

"அப்போ தீவை விட்டுடலாம்னு சொல்றீங்களா சார்?" என்று கேட்பீர்கள். இல்லை. உச்ச நீதிமன்றத்தில் 2008-ல் ஜெயலலிதா போட்ட வழக்கு போன்ற சட்ட வழிகள் தனியாக நடக்கட்டும். ஆனால் பட்டா கைக்கு வரும்வரை பாதையைப் புதர் மூட விடலாமா? வலை உலர்த்தவும் கும்பிடவும் வருஷம் முழுக்கப் போய்வர 5-வது பிரிவின்படி கேட்போம். இழுவை மடியை நாமாக நிறுத்த ஒரு தேதி குறிப்போம். மாறுகிற குடும்பத்துக்குத் தவணையில் இரண்டு மூன்று வருஷமாவது அவகாசம் கேட்போம். இரண்டு கரை மீனவர்களும் உட்கார்ந்து எந்த நாளில் யார், எந்த வலை என்று பேசட்டும்.

அடுத்த முறை ஓட்டு கேட்டு வருபவர் "மீட்போம்" என்றால், "சரிங்க, அதுவரைக்கும் எங்க ஆளுங்க எப்படிப் பிழைக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.