பழைய பில்டரை எறியலாமா?

எங்கள் புகைப்படக் குழுவின் அலமாரியில், பிலிம் காலத்து லீனியர் போலரைசிங் பில்டர் ஒன்று உறங்கிக் கிடந்தது. “டிஜிட்டல் காமிராவுக்கு இது ஆகாது, சர்க்குலர்தான் வாங்க வேண்டும்” என்றார் கடைக்காரர் ஒருவர். விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. குழுவின் ஆண்டுச் சந்தாவே கரைந்துவிடும்!

ஏன் ஆகாது என்று கேட்கத் தோன்றவில்லை எங்களுக்கு. பௌதிகம் கற்பிக்கும் சிஸ்டர்தான் விளக்கினார்கள். எஸ்.எல்.ஆர். காமிராவின் ஆடி, ஒளியில் ஒரு பகுதியை உள்ளே விட்டு, மறுபகுதியைத் திருப்பிவிடுகிறது. ஒரே தளத்தில் அதிரும் ஒளி வந்தால் அப்பங்கீடு பிறழும். குவியமும் ஒளியளவும் தடுமாறலாம். இதைத் தவிர்க்கவே சர்க்குலர் பில்டரின் பின்புறம் கால் அலைத் தகட்டைச் சேர்த்தார்கள். இது பிலிம் காலத்திலேயே எழுந்த சிக்கல்; டிஜிட்டல்மீது பழிபோடுவது நியாயமன்று. எங்களுடையதோ ஆடியே இல்லாத மிரர்லெஸ் காமிரா!

மாட்டிப் பார்த்தோம். கெபியின் கண்ணாடிக் கதவைப் படமெடுத்தால் எப்போதும் எதிரிலுள்ள வேப்பமரமே விழும். பக்கவாட்டில், செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரி சாய்வில் நின்று பில்டரை மெல்லத் திருப்பினோம். மரம் மறைந்தது, மாதாவின் முகம் தெரிந்தது. நேர் எதிரே நின்றால் பலிக்கவில்லை. வெண்கல மணியின் பளபளப்பும் போகவில்லை. உலோகத்திடம் இதன் ஜம்பம் சாயாது. ஒளியையும் பாதிக்குமேல் விழுங்கிவிடுகிறது. ஆண்டுவிழா மேடைக்கு உதவாது.

எஸ்.எல்.ஆர். வைத்திருக்கும் பெற்றோர் சர்க்குலரே வாங்கட்டும். மற்றவர்கள் முதலில் வீட்டுப் பரணைத் துழாவிப் பார்க்கலாமே! மிச்சமான சந்தாவில் முக்காலி வாங்க அனுமதி கேட்டிருக்கிறோம். தலைமையாசிரியைச் சிஸ்டர் அவர்களின் பதில் இன்னும் வரவில்லை.